கொழுந்து லொறிக்கு நாடா சுற்றிய வியாகுலம்

பெயர் வியாகுலம் என்றாலும் அந்த மனிதரிடம் துக்கம் என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. வியாகுல மாதா திருநாளன்று பிறந்தார், அதனால் அந்தப் பெயர். நோட்டன் பிரிட்ஜிலிருந்து மேலே ஏறினால் வருகிற சங்கிலிமலைத் தோட்டத்தில், ஸ்டோரை ஒட்டியிருந்த கராஜில் எலெக்ட்ரிக் வேலை பார்த்தார். தேயிலை அரைக்கிற ஃபெக்டரியைத்தான் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலையில், ராணுவ லொறிகளுக்கு வயர் கட்டுகிற இடத்தில் அவர் எடுபிடியாக இருந்தவர். அங்கிருந்து ஒரேயொரு நம்பிக்கையைச் சுமந்துகொண்டு மலைக்கு வந்தார். வயரை இழுக்கவும் முடுக்கவும் எவனாலும் முடியும், அதன்மேல் டேப் சுற்றுவதில்தான் ஆள் யார் என்று தெரியும் என்பது அந்த நம்பிக்கை. அந்தக் காலத்து டேப் கறுப்புத் துணியில் பிசின் பூசியது. கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் செபப்புத்தகத்திலும் ஒட்டும். வியாகுலத்துக்கு அதன்மேல் அப்படி ஒரு பிரியம். குடைக்கைப்பிடி, மூக்குக்கண்ணாடிக் காது, அகப்பைக் காம்பு, எல்லாவற்றிலும் சுற்றினார். ஒருமுறை கோழிக்குக் கால் முறிந்தபோது அதற்கும் சுற்றினார். கோழி நன்றாகத்தான் நடந்தது. ஆனால் இது ஏதோ வெளியூர்க் கோழி என்று நினைத்து மற்றக் கோழிகள் கொத்திக் கொத்தி விரட்டின.

"நல்லவேள, நான் படியில வழுக்கி விழுந்தப்ப இவரு வேலைக்குப் போயிருந்தாரு," என்பாள் அவர் மனைவி பெற்றீசியா. அவள் பிள்ளைக் காம்பராவில் ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் தோட்டத்துக் குழந்தைகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை. முப்பது பிள்ளைகளை அடக்கிப் பழகியவளுக்கு ஒரு வியாகுலம் பெரிய பாரமாக இல்லை.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது: மூக்குப்பொடி. வேலைக்கு முன் ஒரு சிட்டிகை, வேலைக்கு நடுவில் ஒன்று, முடிந்ததும் ஒன்று. இதனால் அவருடைய மூக்கு, மூச்சுவிடுகிற வேலையைத் தவிர மற்ற எல்லா வேலையையும் எப்போதோ விட்டுவிட்டிருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். மலையிலிருந்து பச்சைக் கொழுந்தை ஸ்டோருக்கு ஏற்றிவரும் பழைய லொறிக்கு ஒரு வியாதி வந்தது. பிரேக்கை மிதித்தால் ஹோர்ன் அடித்தது. ஸ்டோருக்கு இறங்குகிற பாதையில் வளைவைத் தவிர வேறு எதுவும் கிடையாது. பிரேக் மிதிக்காமல் இறங்கினால் நேரே ஆற்றுக்குத்தான் போக வேண்டும். ஆகவே டிரைவர் பழனியாண்டி மேலிருந்து கீழ்வரை ஊதிக்கொண்டே வந்தான். தோட்டத்து மேலாளரான தொரையின் கார்தான் வருகிறதென்று, வேலை வாங்குகிற கங்காணிமார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சும்மா நின்ற பெண்களைச் சத்தம் போட்டார்கள். இரண்டொரு நாள் கழித்து, லொறிதான் என்று தெரிந்ததும் எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து உண்மையாகவே தொரை வந்தார்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அதே நாள் ஒரு வளைவில் லொறி தொரையின் காருக்கு எதிரே வந்து, பிரேக் போட்டு, அவர் முகத்துக்கு நேரே அலறியது. தொரை பதறிப்போய்க் காரைப் பின்னால் எடுத்து, பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கிவிட்டார்.

"வியாக்கூலம்!" என்றார் தொரை, கராஜ் வாசலில் சேற்றுக் காலோடு நின்று. வெள்ளைக்காரர். தோட்டத்துத் தமிழைத் தன் பாணியில் பேசுவார். "வயர் எல்லாம் கழட்டு. எல்லாம் புதுசா சுத்து. ஹோர்ன் டிரைவர் அடிக்கணும். லொறி அடிக்கப்படாது."

"ஆகட்டுங்க தொரை," என்றார் வியாகுலம். உள்ளுக்குள் அவருக்குத் திருநாள் வந்த மாதிரி இருந்தது.

லொறியின் விளக்கு, ஹோர்ன், டைனமோ எல்லாவற்றுக்கும் போகிற வயர்களை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிய கட்டு ஒன்று, முன்னாலிருந்து கொழுந்து ஏற்றும் பலகைக்கு அடியில் ஓடி, பின்விளக்கு வரை போகும். மேல்துணி இற்றுப்போய், உள்வயர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. வியாகுலம் அந்தக் கட்டை அப்படியே கழற்றி, நீளமான பலகையில் ஆணி அடித்து, லொறிக்குள் எப்படி வளைந்து கிடந்ததோ அதே மாதிரி கிடத்தினார். வயர்களின் நிறமெல்லாம் மங்கி ஒரே சேற்று நிறமாகியிருந்ததால், எது எதற்கு என்று ஒவ்வொரு நுனியிலும் வேறுவேறு நூல் கட்டினார். பிளந்த வயர்களை மாற்றினார். பிறகு டேப் வாங்க ஹட்டனுக்குப் பஸ் ஏறினார்.

ஹட்டனில் எந்தக் கடையிலும் கறுப்பு டேப் இல்லை. வெளிநாட்டுச் சாமான் வருவது சுருங்கிவிட்ட நேரம் அது.

"துணி டேப்பு கப்பல்ல வர்றதே இல்லீங்கண்ணே," என்றார் கடைக்காரர். "இத பாருங்க. பிளாஸ்டிக்கு. புதுசா வந்திருக்கு. என்னா மினுமினுப்பு! தண்ணி உள்ள எறங்காது."

வியாகுலம் அதை இழுத்துப் பார்த்தார். இழுக்க இழுக்க வந்தது. அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. துணி டேப்பைப் பலம்கொண்ட மட்டும் இழுத்துச் சுற்றிப் பழகிய கை அது. அதே பலத்தோடு இதையும் இழுத்தார். கிளை வயரின் மெல்லிய நுனியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூடும்படி, கூரைக்குத் தகரம் வேய்வதுபோலக் கீழிருந்து மேலாக, தண்ணீர் வழிந்தால் மடிப்புக்குள் நுழையாதபடி சுற்றினார். கட்டு புதுப் பாம்பு மாதிரி பளபளத்தது. போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

ஒரு வாரம்தான் தாங்கியது. இன்ஜின் சூட்டில் பிசின் உருகி ஒழுகியது. இழுத்துச் சுற்றிய டேப், தன் பழைய நீளத்துக்கே திரும்ப ஆசைப்பட்டுச் சுருங்கி, நுனி நுனியாகக் கழன்றது. கழன்ற வால்களெல்லாம் லொறிக்கு அடியில் தொங்கி ஆடின.

"அண்ணே, லொறிக்குச் சடை வளருது," என்றான் பழனியாண்டி. "கோயிலுக்கு நேர்ந்துவிட்டதான்னு கேக்குறாங்க."

"டேப்பு சரியில்ல," என்றார் வியாகுலம். தன் கை சரியில்லாமல் போயிருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வரவேயில்லை. மெதுவாக, இழுக்காமல் சுற்றியிருந்தால் அதுவும் நின்றிருக்கும். ஆனால் அவரிடம் அதை யார் சொல்வது?

பிளாஸ்டிக்கைச் சபித்துக்கொண்டு எல்லாவற்றையும் உரித்தார். துணி டேப்தான் வேண்டும், துணி கடையில் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிறது என்று முடிவு செய்தார். தன்னுடைய பழைய வேட்டியைப் பட்டை பட்டையாகக் கிழித்தார். கிழித்த ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, சுற்றியதும் கட்டு ரோமம் முளைத்த மாதிரி ஆயிற்று. அப்போதுதான் பெற்றீசியா சேலைக்குப் போட வடித்து வைத்திருந்த கஞ்சி அவர் கண்ணில் பட்டது. பட்டைகளைக் கெட்டிக் கஞ்சியில் முக்கி, பிழிந்து, ஈரத்தோடு சுற்றி, அடுப்புச் சூட்டில் காயவைத்தார். கட்டு பலகை மாதிரி விறைத்து நின்றது. வளைவுகளில் மட்டும் சற்றுத் தளர்வாக விட்டிருந்தார், லொறி குலுங்கும்போது வெடிக்காமல் இருக்கட்டும் என்று.

"பாத்தியா, கம்பெனிக்காரன்கூட இப்பிடிச் செய்ய மாட்டான்," என்றார்.

"ஏங்க, அது முழுக்கச் சோத்துக் கஞ்சிங்க," என்றாள் பெற்றீசியா.

"அதுக்கென்ன?"

அதுக்கென்ன என்பது ஸ்டோர் எலிகளுக்குத் தெரிந்திருந்தது. லொறி நிற்கிற கொட்டகையில் அவை குடும்பம் குடும்பமாக வாழ்ந்தன. தேயிலைத் தூளைத் தவிர வேறெதையும் காணாத அந்த ஏழை எலிகளுக்கு யாரோ அன்னதானம் போட்டிருந்தார்கள். இரண்டே நாளில் பின்விளக்கு அணைந்தது. அதற்கடுத்து முன்விளக்கு. பழனியாண்டி ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுப் பார்க்க, அங்கிருந்து ஒரு எலி, கஞ்சித்துணியை வாயில் கவ்விக்கொண்டு, சீட்டில் குதித்து, அவனைத் தாண்டி இறங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு பழனியாண்டி லொறியில் ஏறுமுன் கதவைத் தட்டிவிட்டுத்தான் ஏறினான்.

வியாகுலம் ஒரு நாள் முழுக்க யோசித்தார். தன் வீட்டு எலிகளை நினைத்துப் பார்த்தார். அவை சவர்க்காரம் தின்றிருக்கின்றன. மெழுகுதிரி தின்றிருக்கின்றன. அவருடைய ரப்பர் செருப்பில் பாதியைத் தின்றிருக்கின்றன. ஆனால் அடுப்படித் தட்டில் கிடந்த பெருங்காயக் கட்டியை ஒருநாளும் தொட்டதில்லை.

மறுநாளே நோட்டன் பிரிட்ஜ் கடையில் இருந்த பெருங்காயம் முழுவதையும் வாங்கிவிட்டார்.

"என்னங்கண்ணே, கலியாண வீடா?" என்று கடைக்காரன் கேட்டான்.

"எலி வீடு," என்றார் வியாகுலம்.

பெருங்காயத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து, புதுக் கஞ்சியில் கலந்து, இன்னொரு வேட்டியைக் கிழித்து முக்கி, மூன்றாவது முறையாகக் கட்டைச் சுற்றினார். பெற்றீசியா அன்று பிள்ளைக் காம்பராவிலிருந்து வந்து, வாசலிலேயே நின்று, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"மாதாவே! இந்த நாத்தத்துல நீங்க எப்பிடி இருக்கீங்க?"

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலயே," என்றார் வியாகுலம், ஒரு சிட்டிகை பொடியை ஏற்றிக்கொண்டே.

எலி தொடவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். லொறியைச் சுற்றிப் போயின, உள்ளே போகவில்லை. விளக்கு எரிந்தது. ஹோர்ன், பழனியாண்டி அடித்தால் மட்டும் அடித்தது. வியாகுலம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டோர் முற்றத்தில் உலவினார். பக்கத்துத் தோட்டத்து டிரைவர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் ஸ்டோருக்குள் சுருட்டுப் பிடிக்கக்கூடாது, மல்லிகைப்பூ வைக்கக்கூடாது, மண்ணெண்ணெய் வைக்கக்கூடாது என்று டீமேக்கர் சிவசாமி ஐயா சட்டம் போட்டு வைத்திருந்தார். தேயிலையின் பக்குவத்துக்குப் பொறுப்பானவர் அவர். அத்தனை சட்டத்திலும், கொழுந்து வருகிற லொறியின் பலகைக்கு அடியில் பெருங்காயம் பூசக்கூடாது என்று எழுத அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. நல்ல மூக்குள்ள அவரும் பகல் முழுக்க ஸ்டோருக்கு உள்ளேயே கிடந்து, தேயிலை வாசத்துக்குப் பழகிப்போனவர்.

காலையில் அன்றன்றைய தேயிலையைச் சாயமாக்கிக் கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைப்பார்கள். தொரை ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்புவார். வாசம் கொழுந்துச் சாக்குகளில் நன்றாக ஊற ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று தொரை முதலாவது கோப்பையை உறிஞ்சினார். துப்பவில்லை. விழுங்கிவிட்டார். இரண்டாவதையும் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"டீமேக்கர். இது டீயா, ரசமா?"

சிவசாமி ஐயா ஓடிவந்து உறிஞ்சினார். அவர் முகம் மாறியது. நல்ல ரசம்தான். கொஞ்சம் உப்புப் போட்டால் சோற்றில் ஊற்றலாம்.

"உள்ளுக்குள்ள யாரோ சாப்பாடு கொண்டாந்திருக்காங்க தொரை. கண்டுபிடிச்சிடுறேன்," என்றார்.

அவருடைய சந்தேகம் நேரே சல்லடைக் காம்பராவுக்குப் போயிற்று. தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற பெண்கள் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து பகல் சாப்பாடு சாப்பிடுவார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் ராக்காயி. வயதானவள் அல்ல, ஆனால் வாயால் மூத்தவள். சிவசாமி ஐயா ஒவ்வொரு தூக்குச்சட்டியாகத் திறந்து மூக்கால் மணந்து பார்த்துக்கொண்டே வந்து, ராக்காயியின் சட்டியில் நின்றார்.

"ராக்காயி, பெருங்காயம் போட்டியா?"

"ஐயா, நான் பெருங்காயம் வாங்குறதே தீவாளிக்கு மட்டுந்தான். இது ரொட்டியும் தேங்காச் சம்பலும். நீங்களே தின்னு பாருங்க."

"வாயடிக்காத. இனிமே ஒருத்தரும் உள்ள சாப்பிடப்படாது. வெளிய போங்க."

வெளியே என்றால் மழை. பெண்கள் கூரை ஒழுகுகிற ஓரத்தில், ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் தலைமேல் சாக்குமாக நின்று சாப்பிட்டார்கள். ரொட்டி நனைந்தது. சம்பல் கரைந்தது. மறுநாள் தேயிலையில் பெருங்காயம் குறையவில்லை. சிவசாமி ஐயா பெண்களின் முந்தானை முடிச்சுகளை அவிழ்க்கச் சொன்னார். வெற்றிலைதான் இருந்தது.

ராக்காயிக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமில்லை. செய்யாத சமையலுக்குப் பழி சுமப்பதா? மூன்றாம் நாள் வேலைக்கு நடுவில் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். சல்லடைக் காம்பராவை மணந்தாள், இல்லை. அரைக்கிற இடத்தை மணந்தாள், இல்லை. கொழுந்தை வாடப்போடுகிற மாடிக்கு ஏறினாள். லேசாக வந்தது. கொழுந்துச் சாக்கை மூக்கில் வைத்தாள். நன்றாக வந்தது. சாக்கு எங்கிருந்து வருகிறது? படியிறங்கி முற்றத்துக்குப் போனாள். லொறி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. இன்ஜின் சூடு இன்னும் அடங்கவில்லை. பழனியாண்டி மட்கார்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

ராக்காயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மல்லாந்து படுத்து, லொறிக்கு அடியில் நுழைந்தாள்.

"ஐயோ, என்னாக்கா, என்னா பண்றீங்க?"

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "பழனியாண்டி, ஒங்க லொறியில யாரோ சாம்பார் காய்ச்சுறாங்கடா."

"அதுவா!" என்றான் பழனியாண்டி. அவன் முகத்தில் பெரிய பாரம் இறங்கின மாதிரி தெரிந்தது. "அதான் லொறியில ஏறினா எனக்குப் பசிச்சுக்கிட்டே இருக்கு. வயித்துல பூச்சின்னு நெனச்சு மருந்துகூடக் குடிச்சேங்க்கா."

ராக்காயி சேற்றோடு எழுந்து கராஜுக்கு நடந்தாள். பின்னாலேயே சல்லடைக் காம்பராப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள்.

"வெயாகொலம் தம்பி, லொறிக்கு என்னா பூசினே?"

"அதுவா அக்கா? பெருங்காயம். எலிக்கு வச்ச மருந்து. ஒரு எலி தொடல்லியே!" என்றார் வியாகுலம் பெருமையாக.

"எலி தொடல்ல. தொரை முழுங்கிட்டாரே!"

வியாகுலத்துக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கையிலிருந்த பொடிமட்டை நழுவி விழுந்தது. "அக்கா, தெய்வத்து மேல சத்தியமா எனக்கு வாசம் தெரியாது," என்றார். அவர் கையை அவர் மூக்கிலேயே பிடித்து வைத்து மணக்கச் சொன்னாள் ராக்காயி. அவர் ஆழமாக இழுத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"ஒண்ணும் தெரியல," என்றார் பரிதாபமாக. சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி சிரிக்கத் தொடங்க, கோபத்தோடு வந்த கூட்டம் முழுவதும் சிரித்தது. ராக்காயி மட்டும் சிரிக்கவில்லை. நனைந்த ரொட்டி அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

சிவசாமி ஐயா வியாகுலத்தைத் தொரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வேலை போயிற்று என்றே வியாகுலம் நினைத்தார். தொரை எல்லாவற்றையும் கேட்டார்.

"எலி ஒண்ணும் சாப்பிடல்ல?"

"இல்லீங்க தொரை. கிட்டவே வரல்ல."

"எலிக்குப் புத்தி இருக்கு. கழட்டு. எல்லாம் கழட்டு. லொறி கழுவு. வாசம் இருந்தா கொழுந்து ஏத்தப்படாது."

வாசம் போகிறவரை பக்கத்துத் தோட்டத்து டிராக்டரை இரவல் வாங்கிக் கொழுந்து ஏற்ற ஏற்பாடாயிற்று. அதற்காகப் போய்க் கெஞ்ச வேண்டியவர் சிவசாமி ஐயா. அந்தத் தோட்டத்து டீமேக்கர் டிராக்டரைக் கொடுத்தார், கூடவே, "ரசம் எப்பிடி?" என்றும் கேட்டார்.

வியாகுலம் நாலாவது தடவையாகக் கட்டை உரித்து, வயர்களைத் துடைத்து, லொறியின் பலகையையும் சாக்குகளையும் சாம்பல் போட்டுக் கழுவி, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. டேப்பைப் பற்றியும் பேசவில்லை. பெற்றீசியாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இப்ப என்னாதான் வேணும் ஒங்களுக்கு? சொல்லுங்க."

"துணி வேணும். ஆனா ஓரம் பிரியாத துணி. பிரிஞ்சாக் கஞ்சி வேணும், கஞ்சி போட்டா எலி வரும், எலி வந்தா..."

பெற்றீசியா எழுந்து கொடியிலிருந்து ஒன்றை உருவி வந்து அவர் மடியில் போட்டாள். அவளுடைய உள்பாவாடையின் நாடா.

"இதுல எங்கங்க ஓரம் பிரியுது? நெய்யும்போதே ஓரம் கட்டித்தான் நெய்றான். எத்தன வருசமா அவுத்துக் கட்டுறேன், ஒரு நூல் வந்ததா?"

வியாகுலம் நாடாவை விரலில் சுற்றிப் பார்த்தார். பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றினார். சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது. முகத்தில் வெளிச்சம் வந்து, உடனே போய்விட்டது.

"ஏண்டி, லொறிக்குப் பாவாடை நாடாவா? ஊரு சிரிக்காதா?"

"இப்ப மட்டும் ஊரு அழுவுதா?"

மறுநாள் ஹட்டனில் ஒரு புடவைக்கடைக்கு முன்னால் அவர் மேலும் கீழும் நடந்தார். கடைசியில் பெண்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். கடைக்காரர் ஒரு முழம் வெட்டப் போனார்.

"முழமில்லீங்க. இருக்குறது பூராவும்."

கடைக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுல எத்தன பொம்பளப் புள்ளைங்க?"

"ஒண்ணுதாங்க," என்றார் வியாகுலம் தலையைக் குனிந்துகொண்டு. "ஆறு சக்கரம்."

இந்த முறை அவர் இழுத்துச் சுற்றவில்லை. நாலு தடவை உரித்த கைக்குப் பொறுமை வந்திருந்தது. நாடா படிந்து உட்காருகிற அளவுக்கு மட்டும் இறுக்கம் கொடுத்தார். இரும்புத் துளைக்குள் நுழைகிற இடங்களில் இரட்டைச் சுற்று. நுனிகளை ஒட்டாமல் மெழுகு தேய்த்த நூலால் கட்டினார். ஸ்டோர் மோட்டார்களின் செப்புக்கம்பிச் சுருளுக்குப் பூசுகிற வார்னிஷ் கொஞ்சம் கராஜில் இருந்தது. அதை நாடாமேல் மெல்லிசாகப் பூசி, கராஜ் உத்தரத்தில் தொங்கவிட்டு, அடியில் கரி நெருப்புக் கூடை வைத்தார். காய்ந்ததும் நாடா தேன் நிறத்தில் கெட்டியாயிற்று, ஆனால் வளைத்தால் வளைந்தது. எலி ஒன்று ராத்திரியில் வந்து ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுப் போன அடையாளம் இருந்தது. இரண்டாவது கடி இல்லை.

கட்டை லொறியில் பூட்டியாயிற்று. ஆனால் சிவசாமி ஐயா சூடு கண்டவர். "வார்னிஷா? இனி யாரையும் நம்ப மாட்டேன். ராக்காயி மணந்து பாத்து வாசம் இல்லேன்னு சொன்னாத்தான் கொழுந்து ஏறும்," என்றுவிட்டார்.

ராக்காயி வந்தாள். லொறியைச் சுற்றி நடந்தாள். பலகையில் மூக்கை வைத்தாள்.

"லேசா வருதுங்க ஐயா."

மறுநாளும் வந்தாள். "இன்னும் வருதுங்க." அதற்கு மறுநாளும் அதே பதில். வியாகுலம் பலகையைத் திரும்பத் திரும்பக் கழுவியதில் அது வெளுத்தேபோயிற்று. டிராக்டர்க்காரர்கள் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். சிவசாமி ஐயா பொறுமை இழந்தார்.

"எங்கதான் வருது? எடத்தக் காட்டு!"

"சரியாச் சொல்ல முடியலீங்களே ஐயா," என்றாள் ராக்காயி மிகவும் பணிவாக. "மழையில நின்னு சாப்பிட்டுச் சாப்பிட்டு மூக்கு அடைச்சுக் கெடக்கு. உள்ள ஒக்காந்து ரெண்டு நாளு சாப்பிட்டா, மூக்கு தெளிஞ்சிடும்னு நெனக்கிறேங்க."

முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க எல்லோரும் வெகுவாகக் கஷ்டப்பட்டார்கள். பழனியாண்டி லொறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். சிவசாமி ஐயா ராக்காயியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மழை விடுகிற மாதிரி இல்லை.

"சரி. உள்ளயே சாப்பிடுங்க. மூலையில."

"நன்றிங்க ஐயா." ராக்காயி அங்கேயே நின்று நன்றாக ஒரு மூச்சு இழுத்தாள். "அட, இப்பவே தெளிஞ்சிடுச்சுங்க. ஒரு வாசமும் இல்ல."

கூட்டம் கலைந்ததும் வியாகுலம் அவள் பக்கத்தில் போய், "அக்கா, நெசமாவே வாசம் வந்துச்சா?" என்று கேட்டார்.

"ஒனக்குத்தான் மூக்கே இல்லையே தம்பி, ஒனக்கு ஏன் அந்தக் கவல?" என்றுவிட்டுப் போனாள்.

அந்த லொறி அதற்குப் பிறகு ஒருநாளும் வயர் பிசகி நின்றதில்லை. தோட்டத்தில் வியாகுலத்துக்கு நாடாக்காரர் என்று பெயர் வந்தது. முதலில் அவருக்கு அது கசந்தது. பிறகு, பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆள் அனுப்பி அழைக்கத் தொடங்கியதும், அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். போகிற இடத்திலெல்லாம், ஒரு கட்டைச் சுற்றுமுன், "இந்த வண்டியில என்னா ஏத்துவீங்க?" என்று முதலில் கேட்பார். உரம் என்றால் ஒரு யோசனை, கொழுந்து என்றால் ஒரு யோசனை. சூடு படுகிற இடத்துக்குப் பிளாஸ்டிக் வேண்டாம் என்பார். தண்ணீர் தெறிக்கிற இடத்துக்கு அதையே இழுக்காமல் சுற்றுவார். பிளாஸ்டிக் டேப்பைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. ஆனாலும் அது அவர் பெட்டியில் இருந்தது.

சில வருஷம் கழித்துத் தோட்டத்துக்குப் புது லொறி வந்தது. பழையதை வாங்க ராகலையிலிருந்து ஒரு மரக்கறி வியாபாரி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார், கதவை ஆட்டிப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். பொனட்டைத் திறந்ததும் மட்டும் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வயரிங் மட்டும் நல்லா இருக்கு. இது எந்தக் கம்பெனி வேல?"

பழனியாண்டி வியாகுலத்தைப் பார்த்தான். வியாகுலம் ஒரு சிட்டிகை பொடி எடுத்தார். மூக்குக்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "எங்க வீட்டம்மா சொன்ன யோசன. சுத்தினது மட்டுந்தான் நானு," என்றார்.

பழனியாண்டி அன்று மாலையே பிள்ளைக் காம்பராவுக்குப் போய் இதைப் பெற்றீசியாவிடம் சொல்லிவிட்டான். அவள் ஒரு குழந்தைக்கு மூக்கைச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல," என்றாள். பிறகு, "யாருகிட்ட சொன்னாரு? ராகலைக்காரருகிட்டயா? அவரு திரும்ப எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.